ஒரு காதுக்கு ஒரு மிக்ஸர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கண்ணாடிக் கடைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே போட்டுக்கொண்டு போக மாட்டாராம். ஆபீசில் கிழவன் என்பார்களாம். பார்வை குறைவது குற்றமா சார், மறைப்பதில்தான் அவஸ்தை என்று வழக்கம்போல் ஐந்து நிமிடம் பேசி, மூக்கில் உட்கார வைத்துத்தான் அனுப்பினேன். அவர் போனபின் துடைக்கும் துணியை மடித்துக்கொண்டு சும்மா நின்றேன். என் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை.

மத்தியானம் அண்ணி போன் செய்தாள். நாங்கள் இருவரும் டிஜேயாகப் பாட்டுப் போட நடன மண்டபக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டாராம். 29ஆம் தேதி, ஞாயிறு மதியம், மூன்று மணி நேரம். ஜனங்களுக்குப் பிடித்தால் மாதம் ஒரு ஞாயிறு எங்களுக்கே. என் இசைத்தட்டுகளும் வேண்டும், அண்ணியின் லேப்டாப்பில் உள்ள இந்தக் காலத்துப் பாட்டுகளும் வேண்டும், இரண்டும் தையல் தெரியாமல் ஒட்ட வேண்டும். பாட்டுகளைக் கலக்கும் பழைய மிக்ஸர் கரகரக்கிறது, புதிது வாங்கியாக வேண்டும். எது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

"பாம்புக் காது வெச்சிருக்கே. நீயே கேட்டுப் பார்த்து முடிவு பண்ணு."

சரி என்றேன். போன் வலது காதில் இருந்தது.

மார்ச் 4

இடது காதில் இன்றும் ஒன்றுமில்லை. நான்கு மாதம்.

மார்ச் 5, வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் எங்கே எழுதுவது?

நவம்பரில் ஒரு காலை எழுந்தேன், இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. சளி என்று நினைத்து மூன்று வாரம் ஓட்டினேன். காது டாக்டர் சோதனை செய்துவிட்டு, முதல் வாரமே வந்திருக்க வேண்டும் என்றார். இனி வராது, வலதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதிலிருந்து எல்லாரையும் வலது பக்கம் விட்டுக்கொண்டு நடக்கிறேன். பஸ்ஸில் எந்த இருக்கை என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறேன். இடது பக்கத்திலிருந்து யாராவது பேசினால் சிரித்துத் தலையாட்டுகிறேன். நன்றாகவே பழகிவிட்டது.

ஆனால் டிஜே மேஜையில்? மண்டபத்தில் ஓடும் பாட்டை ஒரு காதால் கேட்க வேண்டும், அடுத்து வரப்போகும் பாட்டை ஹெட்போனில் இன்னொரு காதால் கேட்க வேண்டும். இரண்டின் தாள அடியும் ஒன்றாக விழும்வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். வேலையே இவ்வளவுதான். இவ்வளவும் இரண்டு காது உள்ளவர்களுக்கு.

மார்ச் 8, ஞாயிறு

படித்துப் படித்துக் கண் எரிகிறது. இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, சாதாரண மிக்ஸர். ஒரு பக்கம் நிஜத் தட்டு, மறுபக்கம் லேப்டாப். தட்டு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று எந்தத் திரையும் காட்டாது. காதுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, டைம்கோட் தட்டு. அதில் பாட்டே கிடையாது, வெறும் சமிக்ஞைதான். தட்டைச் சுற்றினால் லேப்டாப்பில் உள்ள பாட்டு அதற்கேற்ப ஓடும். என் தட்டுகளை முன்பே லேப்டாப்பில் ஏற்றிவிட்டால் போதும். இரண்டு பாட்டின் அடிகளும் திரையில் மேடு மேடாகத் தெரியும், கண்ணால் பார்த்தே சேர்த்துவிடலாம். தட்டு சுற்றுவதைப் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பெரிய டிஜேக்களே இப்படித்தான் செய்கிறார்களாம். பிறகு ஏன் எனக்கு மட்டும் திருட்டுத்தனமாகப் படுகிறது?

மார்ச் 12, வியாழன்

டைம்கோட் தட்டு அண்ணிக்குப் பிடிக்கவில்லை. தட்டு தேயாது, தூக்கிச் சுமக்க வேண்டாம், கூட்டம் குதித்தால் ஊசி தாவாது என்று மூன்று காரணம் வைத்திருந்தேன். மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள். தட்டின் மேல் யாராவது மூச்சு விட்டாலே சண்டைக்கு வருகிறவள் நான், எனக்கு எப்போதிருந்து இந்தப் புத்தி என்றாள். பாட்டில்லாத தட்டைச் சுற்றவிட்டு யாரை ஏமாற்றப் போகிறோம் என்றும் கேட்டாள்.

 சனிக்கிழமை மிக்ஸர் விற்கும் கடைக்குப் போய் இரண்டையும் போட்டுக் கேட்பது என்று முடிவானது.

போகாமல் இருக்க ஒரு காய்ச்சல் வரக்கூடாதா?

அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அண்ணியும் நானும் ஒரே மேஜையில் நின்று ஒன்பது. எனக்கு வேறு என்ன இருக்கிறது? காது போன நான் அந்த மேஜையில் யார்? பெட்டி தூக்குகிறவளா? அவளுக்கு வேறு ஆள் கிடைக்க எத்தனை நாளாகும்?

மார்ச் 14, சனி

தொலைஞ்சது. எல்லாம் தொலைஞ்சது.

கடைக்காரர் நல்ல மனிதர். மிக்ஸரை மேஜையில் வைத்து ஒரு பக்கம் டர்ன்டேபிளும் மறுபக்கம் லேப்டாப்பும் மாட்டினார். சோதனைக்கு இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டார், தட்டிலும் அதுவே, லேப்டாப்பிலும் அதுவே. ஹெட்போனில் கேட்டு வேகத்தைச் சரிசெய்யுங்கள், இரண்டும் ஒன்றானதும் சொல்லுங்கள் என்றார். அண்ணி பக்கத்தில் நின்றாள்.

நான் வேகத்தைத் தொடக்கூட இல்லை. கேட்டேன், சுத்தமாக ஒரே பாட்டு. ஒரு பிசிறு இல்லை. இதுக்கா பயந்து செத்தோம் என்று அப்படி ஒரு நிம்மதி.

"கச்சிதமா சேர்ந்திருக்கு. ரெண்டு ஓடுதுன்னே தெரியலை."

அவர் ஸ்பீக்கரைத் திறந்தார். ஐயோ. இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடின. அடி மேல் அடி இடறியது. பின்னால் கித்தார் பார்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பினார்.

அவர் மிக்ஸரைப் பார்த்துவிட்டு, பிரிக்கும் பட்டன் அமுங்கியிருக்கிறது, தட்டு இடது காதுக்கும் லேப்டாப் வலது காதுக்கும் தனித்தனியாகப் போயிருக்கிறது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அப்பவும் ரெண்டு காதுலயும் வேற வேற மாதிரி கேட்டிருக்குமே, மேடம்?"

 ஹெட்போனைக் கழற்ற மறந்து அப்படியே நின்றேன். அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு வருகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். வழியெல்லாம் என் இடது பக்கத்திலேயே வந்தாள். பேசினாளா, பேசவில்லையா என்றே எனக்குத் தெரியாது.

மார்ச் 15

போன் வரவில்லை.

மார்ச் 16

நானே போனை இரண்டு முறை எடுத்துக் கீழே வைத்தேன். என்ன சொல்ல? மண்டபக்காரரிடம் வேறு ஆள் கேட்டிருப்பாளோ. கேட்டால்தான் என்ன, தப்பு அவள்மேல் இல்லையே.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணி என் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். வரிசையில் நின்று சீட்டு வாங்கி, முறை வந்ததும் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சரியில்லையா என்று கேட்டேன். அவள் கேட்டது வேறு.

"கண்ணாடி போட வெட்கப்படறவங்ககிட்ட ஏதோ சொல்வியே. அதை எனக்குச் சொல்லு."

அந்தப் பேச்சு வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், நவம்பர், பஞ்சு, டாக்டர். பக்கத்து மேஜைக்குக் கேட்குமோ என்று பயந்து பயந்து சொன்னேன். பாவம் என்பாள், கையைப் பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன் போல. அவள் முகம் கல்லாக இருந்தது.

"ஜனவரியில மாடிப்படி ஏறும்போது உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். கரு தங்கலைன்னு. உங்கிட்டதான் முதல்ல சொன்னேன். நீ சிரிச்சே. தலையாட்டிட்டு மேல ஏறிப் போயிட்டே."

அண்ணி.

"இவளுக்கும் என் துக்கம் வேண்டாம்போல இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, அப்புறம் யார்கிட்டயும் சொல்லலை."

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் மேஜைமேல் குனிந்துவிட்டேன். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன். எழுந்து போகும்போது வலது பக்கம் வந்து குனிந்து சொன்னாள், நிஜத் தட்டுதான் போடுகிறோம், எப்படி என்று நீ கண்டுபிடி என்று.

மார்ச் 18

காது போனதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்தச் சிரிப்பு என்னுடையது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

தனியாகப் போய் மிக்ஸர் வாங்கிவிட்டேன். ஹெட்போனுக்கென்று தனியாக ஒரு திருகு உள்ள மாடல். அதைப் பாதியில் நிறுத்தினால் ஓடும் பாட்டும் வரும் பாட்டும் கலந்து ஒரே காதுக்கு வரும். பிரிக்கும் பட்டனைத் தொடவே போவதில்லை. கடைக்காரர் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நாலு மணி நேரம் பழகினோம். படுமோசம். இரண்டு பாட்டு ஒரே காதில் வந்தால் சந்தைக்கடை. எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று பிடிபடவே இல்லை. எட்டு முயற்சியில் ஆறு இடறல். அண்ணி மணி பார்த்தாள், நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரியைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

மார்ச் 25

ஒன்று பிடிபட்டது. வரும் பாட்டின் கனத்த ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டால் அதன் ஜால்ரா மட்டும் தனியாகத் தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் போகலாம். எட்டில் ஐந்து தேறியது.

பழகி முடித்ததும் அண்ணி ஜனவரியைப் பற்றிப் பேசினாள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது, அண்ணன் ஊரில் இல்லாதது, எல்லாம். கேட்டேன். ஒரு இடத்தில் குரல் இறங்கிவிட்டது. கேக்கலை அண்ணி, திரும்பச் சொல்லுங்க என்றேன். திரும்பச் சொன்னாள்.

மார்ச் 28, சனி

 எட்டில் ஐந்து போதுமா? நூறு பேர் வருகிறார்களாம். வலது காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

நேற்று நடந்து முடிந்தது. முதல் மணி நேரம் நன்றாகவே போனது. இரண்டாவதில் ஒரு தட்டு முந்தத் தொடங்கி, அடிகள் இடறி, ஆடிக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். அண்ணிக்கு இரண்டு காதும் கேட்கும், ஒரு நொடியில் சரிசெய்திருப்பாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தட்டின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்துப் பிடித்தேன். எட்டு எண்ணுவதற்குள் சேர்ந்தது. எட்டு என்பது எவ்வளவு நீளம்!

கூட்டம் கலைந்ததும் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். மண்டபக்காரர் என் இடது பக்கம் வந்து நின்றார். உதடு அசைந்தது. சிரிப்பு தானாக வந்துவிட்டது, தலையும் ஆடத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன்.

"எனக்கு இந்தக் காது கேக்காதுங்க. அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

அண்ணி ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். அவர், அப்படியா என்று சொல்லிக்கொண்டே மேஜையைச் சுற்றி வந்தார். எங்கள் வண்டி வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறதாம், கொஞ்சம் நகர்த்த வேண்டுமாம்.

போய் நகர்த்திவிட்டு வந்தேன்.