கேசட்டில் மூன்றாவது அழைப்பு

அன்புள்ள அம்மாவுக்கு மகள் வணங்கி எழுதுவது.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை அலமாரியில் அடுக்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா உயிரோடு இருந்தபோது ரேடியோ பக்கத்தில் டேப்ரெக்கார்டரை வைத்து, நம்மை மூச்சுக்கூட விடக்கூடாதென்று மிரட்டிப் பதிந்த பாட்டெல்லாம் இப்போது என் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அறையில் இடமில்லாததால் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். திட்டாதீர்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பதினேழாம் கேசட்டில் பாட்டு முடிந்ததும் அப்பா, "இந்தா, இங்க வாயேன்" என்பார். நீங்கள், "இதோ வந்துட்டேன்" என்பீர்கள். ஏற்றும்போது கேட்டுச் சிரித்தேன். போன வாரம் போட்டால் உங்கள் பதிலைக் காணோம். சத்தம் குறைக்கும் புரோகிராம் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அப்பா இரண்டு தடவை கூப்பிட்டார். இன்று காலை மூன்று தடவை.

மெஷின் கோளாறுதான், பயப்படாதீர்கள். உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், ஜன்னலுக்குத் திரை போட. துவைக்காமலே அனுப்புங்கள்.

ஒரு தடவை மட்டும் கூப்பிட்டால் அது பேய், ஏனென்று கேட்காதே, மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான் என்று சொல்லித்தானே வளர்த்தீர்கள்? இனி மூன்று தடவை கூப்பிட்டாலும் வாய் திறக்காதீர்கள். எந்தச் சத்தமும் கேட்காத காதில் யாரோ கூப்பிட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அம்மா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்