வாலுவோடு பண்ணைக்குப் போனேன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் இருமலும் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் முணுமுணுப்பும் தவிர எல்லாம் சௌக்கியம். உன் தங்கச்சி வாலுவைக் கூப்பிட, அவளுக்கு அதிர்வு தெரியட்டும் என்று நாம் பலகைத் தரையைக் காலால் தட்டுகிறோமே, அது அவர் தலையில் இடி விழுகிற மாதிரி இருக்கிறதாம். காது கேட்காத பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது, நீங்களே மாடிக்கு வந்து கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றேன், அதற்கப்புறம் ஆளைக் காணோம்.

நீ போனில் சொன்னதை மறக்கவில்லை. நீ இருக்கிற ஊரில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, இடம் சொல்லி வைத்திருக்கிறேன், சீக்கிரம் பதில் சொல் என்றாய். அப்பாவும் பெரியவன் சொல்வது சரிதானே என்று இழுக்கிறார். பதில் சொல்வதற்கு முன்னால் போன வாரம் நடந்ததைக் கேள்.

வாலுவின் வகுப்பைப் பண்ணைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. இவளை மட்டும் வேண்டாம் என்றார் டீச்சர். கூப்பிட்டா கேக்காதேம்மா, நாங்க எப்படிப் பொறுப்பெடுக்கிறது என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படின்னா நானும் வர்றேன் என்று சொல்லிவிட்டேன். தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும் என்று லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். டீச்சரையும் டிரைவரையும் விட்டால் இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெரிய ஆள், ஆன்ட்டி நீங்களும் எங்க கிளாஸா என்று ஒரு பொடிசு கேட்டது. ஆமாம், கடைசி பெஞ்சு என்றேன். பண்ணையில் இறங்கின கையோடு இரண்டு பையன்கள் வாத்துக் குளத்தில் குதித்துவிட்டார்கள். டீச்சர் தொண்டை கிழியக் கத்தியும் வெளியே வரவில்லை, கடைசியில் டிரைவர்தான் இறங்கித் தூக்கி வந்தார்.

பிறகு மாட்டுக் கொட்டகை. தகரக் கூரை, உள்ளே பால் கறக்கிற மோட்டார். அந்த இரைச்சல் தாங்காமல் வாலு காது மிஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், பைக்குள் வைத்தேன். யாரோ ஒரு பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டு நிமிர்ந்தால் இவளைக் காணோம். எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாரும் அவள் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள், மிஷினோ என் பையில் இருக்கிறது. அவர்களைச் சொல்வானேன், நான் என்ன செய்தேன் தெரியுமா, வீட்டு ஞாபகத்தில் தரையை ஓங்கி மிதித்தேன். சேறுடா! கணுக்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது, திரும்பிப் பார்த்தது கோழிகள்தான். ஒரு செருப்போடு ஓடினால், கொட்டகையின் மறுகோடியில் நிற்கிறாள். பசுவின் கழுத்தில் உள்ளங்கையை வைத்திருக்கிறாள், அது கத்தும்போதெல்லாம் இவள் சிரிக்கிறாள். பக்கத்திலேயே பண்ணைக்காரர். பாப்பா சைகைல கேட்டுட்டுத்தாம்மா தொட்டுச்சு என்றார்.

டீச்சர் மூச்சு வாங்க வந்து, இதுக்குத்தான் வேணாம்னு சொன்னேன் என்றார். எனக்கு வந்ததே கோபம். குளத்துல குதிச்ச ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது டீச்சர், அவங்களை ஏன் கூட்டிட்டு வந்தீங்க என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். திரும்பும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அடுத்த தடவையும் நீங்க வந்தா பாப்பாவைக் கூட்டிட்டுப் போறோம் என்றார். நான் வர மாட்டேன், அவ மட்டும்தான் வருவா, கூப்பிடணும்னா கிட்டப் போய்த் தோளைத் தொடுங்க, அது ஒன்னும் பெரிய வித்தை இல்ல என்றேன். இந்நேரம் பள்ளி முழுக்க எனக்குச் சண்டைக்காரி என்று பேர் வந்திருக்கும், வரட்டும்.

ஆகவே, பெரியவனே, உனக்கும் அதே பதில்தான். அந்த இடத்தை வேறு பிள்ளைக்கு விட்டுக்கொடு. அந்தப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை, நீயும் அக்கறையில்தான் சொன்னாய். வளர்ந்து அவளே போகணும் என்றால் பெட்டியை நானே கட்டிக் கொடுப்பேன். இங்கே இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று என் பிள்ளையை எங்கும் அனுப்ப மாட்டேன். அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன், அவர் இருமிக்கொண்டே சரி என்றார்.

நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வீடியோவில் நீ வரும்போது அவள் என் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீ என்னைப் பார்த்து, அவ எப்படிம்மா இருக்கா என்று கேட்கிறாய். உன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, நல்லா இருக்கேன் என்று ஒவ்வொரு முறையும் தலையாட்டுகிறாள், நீ கவனிப்பதில்லை. இனிமேல் என்னைக் கேட்காதே, கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவளைக் கேள்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா