வெள்ளறடைக்காரர் வந்த நேரம்

போன வாரம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைக்கிறது என்று அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வாசலிலேயே ஒரு பெண் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிவிட்டு ஒரு சீட்டை நீட்டினாள். வந்த நேரம் மூன்று பதினேழு என்று அச்சாகியிருந்தது. அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, வாயுதான். ஆனால் நான் அந்தச் சீட்டைக் கீழே வைக்காமல், அந்த நேரத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். தனக்காகப் பயப்படுகிறேன் என்று நினைத்து அவர் என்னைத் தேற்றினார். நீ இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லையோரத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ், நீ அட்டெண்டர். அன்று காலை பத்து மணிக்குப் பஸ் ஒன்று கவிழ்ந்து, இருபது பேருக்கு மேல் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். நீ ஸ்ட்ரெச்சர் தள்ளினாய், நான் ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டேன். பதிவேட்டில் பெயரை மட்டும் கிறுக்கி, வந்த நேரத்துக்கான கட்டங்களைக் காலியாக விட்டேன். எல்லாம் ஓய்ந்த பிறகு, உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்பினேன். கடைசிப் பெயர் வெள்ளறடை என்ற மலையோர ஊர்க்காரர் ஒருவருடையது. மரச்சீனிக் கிழங்கு பிடுங்கும்போது காலில் ஏதோ கடித்தது, பாம்பா என்று தெரியவில்லை என்று வந்தவர். அவர் பெயருக்கு நேராகவும் பத்தரை என்று எழுதிவிட்டேன்.

பாம்புக்கடி என்று சந்தேகம் இருந்தால் ஆறு மணி நேரமாவது பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் கண்டிப்பு. சாயங்காலம் டியூட்டி மாறி வந்த டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். பத்தரைக்கு வந்தவர், மணி ஐந்தாகப் போகிறது, ஒரு குறியும் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்றார். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறப் போனார்.

காலியான கட்டிலில் விரிப்பு மாற்ற வந்த நீ, எங்கே அவர் என்று கேட்டாய். சொன்னேன். உன் முகம் மாறியது.

"பஸ்காரங்களை எல்லாம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பின பொறவாக்கும் அவரு வந்தாரு. நானாக்கும் பிடிச்சுக் கொண்டு வந்தது. மணி ஒண்ணு இருக்கும்."

வேலை போகும், போலீஸ் வரும், என்னவெல்லாமோ தோன்றியது. "இல்லே, பத்தரைக்குத்தான் வந்தாரு" என்றேன். நீ விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனாய். நான் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மையையே பார்த்தபடி இருந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகாது, வெறும் பூச்சிக்கடியாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம் போயிருக்கும். நீ திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாய்.

"பயமா இருந்தா இருக்கட்டு, மக்கா. ஆனா இப்பம் சொல்லு."

ஞாபகத்திலிருந்து எழுதியதைச் சொன்னேன். டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனதும் நீதான். அவர் கத்தவில்லை, ஆளைக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரி ஜீப் நோயாளிகளோடு திருவனந்தபுரம் போயிருந்ததால், ஆட்டோ பிடித்தோம். முன்னால் போன ஒவ்வொரு பஸ்ஸையும் மறித்து ஏறிப் பார்த்தாய். எதிலும் அவர் இல்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோடு மேலேற ஏற வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவர் வீட்டுக் கதவைத் தட்டுமுன்பே உள்ளேயிருந்து அழுகை கேட்டுவிடுமோ என்று நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா?

அழுகை இல்லை. அவருடைய மனைவி முற்றத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். வந்ததும் களைப்பு என்று படுத்துவிட்டார், உறக்கம் தெளியவில்லை என்றாள். நீ உள்ளே ஓடி அவரை உலுக்கினாய். அவர் விழித்துத்தான் இருந்தார். இமைகளைத்தான் தூக்க முடியவில்லை. பேச வாயெடுத்தார், நாக்கு குழறியது. கடித்தது பாம்புதான்.

திரும்பி வரும்போது அவர் தலை என் மடியில் கிடந்தது. மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் நேரம் நீண்டது. ஒரு தடவை அடுத்த மூச்சு வராமலே போய்விட்டது என்று நினைத்துக் கத்தினேன். நீ அவர் நெஞ்சில் கையை வைத்து, "உண்டு, உண்டு" என்றாய்.

டாக்டர் விஷமுறிவு மருந்தோடு வாசலிலேயே நின்றார். மூன்று நாள் நிச்சயமில்லாமல் கிடந்து, பிறகு ஒரு காலை அந்த மனிதர் கண் திறந்து கஞ்சி கேட்டார். பதிவேட்டில் பழையதைச் சுரண்டிவிடலாமா என்று கேட்டதற்கு நீ, "சுரண்டாண்டாம். கீழே சரியானதை எழுதி உன் பேரைப் போடு" என்றாய். எழுதினேன். மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன், வேலை தப்பியது.

அந்த விளக்கத்தில் அவசரத்தில் நேர்ந்த பிழை என்றுதான் எழுதினேன். பிழை தெரிந்த பிறகும் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தை எங்கும் எழுதவில்லை. நீயும் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

ஓய்வு பெறும்வரை, வந்தவரின் நாடியைப் பிடிக்கும்போதே நேரத்தை உள்ளங்கையிலாவது எழுதிக்கொள்வேன். பிரிவுபசாரத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்லிப் பாராட்டினார்கள், கடமை உணர்ச்சி என்றார்கள். அது பயம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீயும் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நான் ஒருத்தியாகச் சுமக்கிறேன்.