சில்லின் மேல் ஒரு யானை

அன்புள்ள சுமியே,

நீயும் குழந்தை நோரிகோவும் நலம்தானே? எனக்கொன்றும் குறையில்லை.

செவ்வாயன்று டர்போ பந்தய எஞ்சினை முழு வேகத்தில் சோதித்தோம். அதற்குப் பெட்ரோல் அளந்து விடும் கணினிச் சில்லின் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துபோகும். வரிசை எண்ணைப் பார்க்க, கண்ணாடியை மூடியிருந்த ஒட்டுத்தாளைப் பிரித்துவிட்டு, ஒரு வாரம் சில்லை ஜன்னலோரம் வைத்திருந்தேன். பெட்ரோல் குறைந்து எஞ்சின் வெடித்தது. ஒரு துண்டு என் தொப்பியைக் கொண்டுபோனது. தொப்பியை மட்டும்தான்.

"எவன்டா பிரிச்சது?" என்று கத்தினார் மேலாளர் நெவில்.

"நான்தாங்க."

"இங்கிலாந்துல வெயிலே அடிக்காதுன்னு எவன்யா உனக்குச் சொன்னான்?"

புதுச் சில்லில், நோரிகோ அனுப்பிய யானை ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறேன். இன்று மதியம் மறுபடி முழு வேகம். "யானை இருக்கா?" என்று நெவில் மூன்று முறை கேட்டுவிட்டார்.

இன்னொரு யானை அனுப்பச் சொல். சில்லில் ஒட்டியது என் தலைமாட்டுச் சுவரில் இருந்தது.

கூப்பிடுகிறார்கள்.

மசாகி