ஒற்றைச் சடை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கலாம்தான். ஆனால் நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் பேசினால் அழுது சொதப்பிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று மத்தியானம் கிளினிக் டி.வி.யில் உன் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. காத்திருப்பவர்களுக்குப் பல்வலி மறக்கட்டும் என்று டாக்டர் தினமும் அதைத்தான் போடச் சொல்கிறார். பறக்கும் குதிரை, பேசும் கிணறு, எனக்கு ஒரு மண்ணும் புரியாது. மகள் எழுதுகிறாளே என்று டோக்கன் கொடுத்துக்கொண்டே பார்ப்பேன். நேற்று குட்டி இளவரசியின் கனவு வந்தது. ராணி அவளுக்குத் தலை பின்னுகிறாள். ஒரு சடை முடிந்தது. இன்னொரு பக்கம் முடியைக் கையில் எடுத்தவள் சட்டென்று எழுந்து, சீப்போடு அப்படியே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

கையிலிருந்த டோக்கன் எல்லாம் தரையில்.

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். மேக்கப் போடுகிறவர்கள் இன்னொரு சடையை மறந்துவிட்டார்களாம். கன்னம் வீங்கிய ஒருவர் அது மந்திரச் சீப்பு என்று அடித்துச் சொன்னார். டாக்டர் பாதி வேலையில் வெளியே வந்து, "எனக்கு ஒண்ணுதான் புரியல. ராணி எதுக்குப் போனா? சிம்மாசனத்துக்கா, வேற ஆளுக்கா?" என்று என்னையே கேட்டார். கதை எழுதுகிறவளின் அம்மாவுக்குத் தெரியாதா என்று கிண்டல் வேறு. நான் குனிந்து டோக்கன்களைப் பொறுக்கினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அவளுக்கு அப்ப நாலு வயசு, மறந்துடுவான்னு நீதானே சொன்ன?" என்று என் மேலேயே பாய்ந்தார். அவரும் சேர்ந்துதானே அந்தப் பொய்யைச் சொன்னார்!

பாப்பா, அது கனவு இல்லை. நான் போனேன். மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தேன். நீ கேட்டபோது, "அம்மா எங்கயும் போகலடி கண்ணு, உனக்குக் காய்ச்சல், கெட்ட கனவு கண்டிருக்க" என்று இரண்டு பேரும் சாதித்தோம். அதற்கப்புறம் எத்தனை காலை என் கையைக் கிள்ளி, "அம்மா, இது நிஜமா?" என்று கேட்டிருக்கிறாய்! வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோமே.

போன வாரம் நீ போனில் புலம்பினாய். கடைசி எபிசோடு நகரமாட்டேன் என்கிறது, ராணி ஏன் போனாள் என்று உனக்கே தெரியவில்லை, பேசாமல் அவளைக் கொன்றுவிடலாமா என்று பார்க்கிறாய் என்றாய். "கொன்னுடு, சனியன் ஒழியட்டும்" என்றேன் நான். யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லையே!

அவள் ஏன் போனாள் என்று கேள். சிம்மாசனமும் இல்லை, ஆளும் இல்லை. அன்று நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். நான் சீப்பை ஓங்கிவிட்டேன். அடித்திருப்பேன் பாப்பா, சத்தியமாக அடித்திருப்பேன். முதல் நாள் அடித்திருந்தேன், அதற்கு முந்தின நாளும். என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அப்பா வீட்டில் இருக்கிற தைரியத்தில் எழுந்து நடந்துவிட்டேன். தோழியின் ஹாஸ்டல் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். திரும்பி வந்த பிறகு உன் மேல் கை வைத்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

ராணியைக் கொல்வதும் விடுவதும் உன் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன். அந்தக் குட்டியிடம் மட்டும் யாராவது ஒருத்தர் சொல்லட்டும், நீ பார்த்தது அத்தனையும் நிஜம்தான் என்று. இருபத்தாறு வருஷம் தாமதம், தெரியும். நீ இனியாவது பயமில்லாமல் தூங்கி எழு, என் கண்ணே.

உன்னிடம் பொய் சொன்ன,
அம்மா