காத்துக்கிடக்கும் நாட்களைக் கணக்கில் சேர்த்தவளுக்கு

தங்கச்சி,

இன்று காலை எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். நேற்றுதான் போடி பஸ் ஸ்டாண்டில் உன் தம்பியைப் பார்த்தேன். கோயம்புத்தூரில் நீ காலமாகிச் சில மாதங்கள் ஆகிவிட்டன என்று அவன் சொல்லித்தான் தெரியும்.

எண்பதுகளின் பின்பாதி அது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு அடுப்பும் தகரக் குழாயும் செய்யும் பட்டறையில் நான் மேஸ்திரி. நீ மதுரையில் படித்துவிட்டு, முதலாளி புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்கென்று வேலைக்கு வந்தவள். ராசிங்காபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாய். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே நாங்களெல்லாம் செருப்பைக் கழற்றி வைப்போம். நீ செருப்போடுதான் போவாய். "அது சாமி இல்லண்ணே, மிசினு" என்பாய்.

மலையில் காய் எடுப்பு தொடங்கிவிட்டால் யாராலும் காத்திருக்க முடியாது. பறித்த காய் உடனே சூட்டுக்குப் போகாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். அப்புறம் அதை யாரும் சீந்தமாட்டார்கள். நாங்களோ எந்த வருடமும் சொன்ன தேதிக்கு அடுப்பு கொடுத்ததில்லை. ஓர் அடுப்புக்கு இத்தனை நாள் என்று கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு இருந்தது. பட்டறையில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று நான் என் போக்கில் ஒரு வரிசை வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

ஒருநாள் பட்டறைக்குள் வந்தவள், ரெட் ஆக்சைடு அடித்துச் சாத்தி வைத்திருந்த அடுப்புக் கதவில் தெரியாமல் கையை ஊன்றிவிட்டாய். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. உனக்குக் கோபம் வரவில்லை.

"இது காய எம்புட்டு நேரமாகும்ணே?"

"மழை நாள்னா கூடப் பிடிக்கும்."

"அதை யாரு கணக்குல சேத்தா?"

யாரும் சேர்த்திருக்கவில்லை. வெட்ட, வளைக்க, வெல்டு வைக்க ஆகும் நேரம் மட்டுமே கணக்கில் இருந்தது. மதுரையிலிருந்து தகரம் வரக் காத்திருப்பது, கரண்டு வரக் காத்திருப்பது, ஜீப்புக்கு லோடு சேரும்வரை காத்திருப்பது எதுவும் இல்லை. நீ ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாய். எங்களோடு போடிமெட்டுக்கு ஜீப்பில் வந்து, வழியெல்லாம் வாந்தியெடுத்து, மண் சரிந்த வளைவில் முக்காடு போட்டுக்கொண்டு மழையில் நின்றாய். "வேலை செய்யுற நேரத்த விடச் சும்மா கெடக்குற நேரந்தாண்ணே சாஸ்தி" என்று சிரித்தாய். பிறகு என்னோடு உட்கார்ந்து பேசிப் பேசி, தோட்டக்காரருக்கு அடுப்பு வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த வேலையை என்றைக்குத் தொடங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லும்படி செய்தாய். அந்த வருடம் எல்லா அடுப்பும் எடுப்புக்கு முன்பே மலையேறின. முதலாளி உனக்கு ஒரு மேசைவிசிறி வாங்கித் தந்தார்.

அடுத்த வருடம், எடுப்பு தொடங்கும் சமயத்தில் தேவாரம் ஊரிலிருந்து ஒருவர் வந்தார். மலைச்சரிவில் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தவர். அவருடைய ஸ்டோர் தீப்பிடித்து அடுப்பும் போய்விட்டது. நான் அப்போது மலையில் வேறோர் அடுப்பு பூட்டிக்கொண்டிருந்தேன். நடந்ததை வெல்டர்தான் பிறகு சொன்னான். நீ கணக்குப் பார்த்துவிட்டு, "இந்த எடுப்புக்கு முடியாதுங்கய்யா, பக்கத்துத் தோட்டத்துல காயவச்சுக்கிறதுக்குச் சொல்லிவைங்க" என்றாயாம். முதலாளிக்குச் சுருக்கென்றிருக்கிறது.

"முடியாதுன்னு சொல்றதுக்கா மிசினு வாங்குனேன்? நாளக் குறைச்சுப் போடு."

"காகிதத்துலதான் குறையும். நான் போடமாட்டேன்."

கம்ப்யூட்டரை விற்றவரின் ஆளை மதுரையிலிருந்து வரவழைத்து, காத்திருக்கும் நாட்களை முதலாளி எடுக்கவைத்தார். புதுத் தேதி அச்சாகி வந்தது. தேவாரத்துக்காரர் அதை நம்பிப் போனார். பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிவைக்கவில்லை.

நான் இறங்கிவந்தபோது அவருடைய ஆர்டர் பதிவாகிவிட்டிருந்தது. ஆனமட்டும் விரட்டிச் செய்தோம். அடுப்பை ஏற்றிப் போன அன்று மழையில் பாதை அடைபட்டு, ஜீப்போடு நடுவழியில் கிடந்தேன். அதற்குள் அவருடைய காய் குவியலில் கிடந்து சூடேறி வெந்துவிட்டது. அவர் நடந்தே மலையிறங்கி நேராகப் பட்டறைக்கு வந்து, வெளுத்து நாறிய காயை உன் மேசைமேல் கொட்டியிருக்கிறார்.

"கம்ப்யூட்டர் சொன்னதுன்னுதான தாயி நம்புனேன். இப்பிடி என் வயித்துல அடிச்சிட்டியே."

யார் மாற்றினார்கள் என்று நீ சொல்லவில்லை. முதலாளி உள்ளேதான் இருந்தார். நீ காயை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளிவிட்டு பஸ் ஏறிப் போனாய். அதன்பின் வரவில்லை.

நான் மலையிலிருந்து வந்து இதைக் கேட்ட மறுநாளே ராசிங்காபுரம் வந்தேன். உன் அப்பா களத்தில் நின்றிருந்தார். "மெட்ராசுக்குப் போயிட்டா மேஸ்திரி. பட்டறை ஆளுக யாரும் தேடி வரவேண்டாம்னு சொல்லிட்டா. எங்கிட்ட எதுவும் கேக்காதீக" என்றார். அந்த மனிதரிடம் அதற்குமேல் எப்படிக் கேட்பது?

தேவாரத்துக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். உன்னைத் தேடி அவர் என்னைக் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்கே வந்தார். யாரோ சொன்ன இடத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளி இருந்தது; நீ கல்யாணமாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நீ போன மறுவருடமே, ஆர்டர்கள் குறையவும், முதலாளி நீ போட்ட நாட்களைத் திரும்பவும் ஏற்றச் சொன்னார். கடைசிவரை பட்டறை அந்தக் கணக்கில்தான் ஓடியது. இது உனக்குத் தெரியாமலே போய்விட்டது.

நேற்று உன் தம்பி சொன்ன ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. "அக்கா வீட்டுல பாயாசத்துக்குக்கூட ஏலக்கா போட விடமாட்டாக. ஏன்னு எங்க யாருக்கும் இன்னைவரைக்கும் தெரியாது." இத்தனை வருடமுமா, தங்கச்சி?

தேவாரத்துக்காரர் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்து ஒன்று சொன்னார். யாரிடம் சேர்ப்பது என்று தெரியாமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

"அந்தப் பிள்ளைய எங்கயாச்சும் பாத்தா சொல்லிரு. அது மேல தப்பில்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிரு."