மூன்று அறை போதும் என்றேன்

அன்பு மகன் மனாசேக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை வீக்காவும் ஆண்டவர் கிருபையில் நன்றாகத் தின்று நன்றாகத் தூங்கிச் சுகமாக இருக்கிறோம், அங்கே உன் மூக்கும் காதும் தோள்பட்டையும் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று அறிய ஆசை. போன வாரம் உன் ரக்பி ஆட்டத்தை வீக்கா போனில் காட்டினாள், ஒரு மைதானமே உன்மேல் ஏறிப் படுத்திருந்தது, அடியில் நீட்டிக்கொண்டு தெரிந்த கால் உன்னுடையதுதான் என்று நான் அடித்துச் சொன்னேன், பெற்றவளுக்குத் தெரியாதா. போனில் கூப்பிட்டால் நீ சரிம்மா சரிம்மா பயிற்சிக்கு நேரமாச்சும்மா என்று அம்மாவைச் சுருட்டி வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது பார், அதனால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இத்தனை வருஷம் கோழித் தொழிற்சாலையில் நிற்கிறவள் கை வேறெப்படி எழுதும்.

நம் வீடு கட்டி முடிந்துவிட்டது. வியாழக்கிழமை போய்ச் சுற்றிப் பார்த்தோம். சாவி கொடுக்கும் முன்னால் வீட்டுக்காரர்கள் வந்து குறை இருந்தால் சொல்லலாம், அதையெல்லாம் சரி செய்து கொடுப்பார்கள், குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் நம் தலையெழுத்து. இதற்குள் உனக்கு ஒரு ரகசியம் சொல்ல வேண்டும், சிரித்து அக்கம்பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்களை எழுப்பிவிடாதே. வீட்டுப் படம் காட்டிய பெண் நாலு படுக்கையறை எடுங்கள் நாலு எடுங்கள் என்று கெஞ்சினாள், டோங்கா குடும்பம் மூன்று அறையில் அடங்கி அவள் பார்த்ததே இல்லையாம். நான்தான் மூன்று போதும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எங்களுக்கு ஒன்று, வீக்காவுக்கு ஒன்று, மனாசேக்கு ஒன்று, தீர்ந்தது. அப்பா தேவாலயத்தில் எல்லோரிடமும் என் மனைவியைப்போல் சிக்கனக்காரி சிட்னியிலேயே கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார், போதகர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமென்ற மனம் பற்றிப் பேசிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். சிக்கனமாவது மண்ணாவது. எல்லாம் உன் காலோலைனே அத்தைக்காகத்தான்.

அப்பாவின் அக்காவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்லாந்திலிருந்து ரெண்டு வாரம் தம்பியோட இருந்துட்டுப் போறேன் என்று வந்தால் மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிடும். திரும்பிப் போகும்போது கண்ணில் பட்டது எதுவோ அதுவும் கூடப் போகும். அப்பாவின் அக்கா என்றால் வீட்டுக்கு ராணி, கேட்டால் இல்லை என்று சொல்ல நம்மில் யாருக்கு நாக்கு இருக்கிறது. ராணிக்கு ஒரு தடவை என் தையல் மெஷின் பிடித்துப்போனது, இன்னொரு தடவை என் அம்மா பின்னிக்கொடுத்த பாய், போன தடவை புது அரிசி குக்கர், அதில் அரிசி வெந்துகொண்டிருந்தது. அதனால் யோசித்தேன், கட்டிலே இல்லாத வீட்டில் ராணி எங்கே படுப்பார். காலி அறை என்று ஒன்று இருந்தால்தானே. நீ பிரான்சில் இருந்தாலும் உன் பெயரை அந்த மூன்றாவது அறைக்குப் பூட்டாகப் போட்டுவிட்டேன். நல்ல கனமான பூட்டு, நூற்றுப் பதினெட்டுக் கிலோ.

இது வீக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவோ பால்குடி மாறாத பிள்ளை, வீடு பார்க்கப் போகிற நாளை அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அக்கா பாக்காம தம்பி புது வீட்டுல கால் வைக்கிறதா என்று அத்தை புதன்கிழமையே விமானத்தில் வந்து இறங்கிவிட்டார். அவர் வீடு வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அப்பா சாவியைத் தொடமாட்டார், வாடகை வீட்டையோ மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது, ஆனால் ரொம்பவும் பிடித்துப்போகவும் கூடாது, அப்படி ஒரு ஜெபத்தை எந்த வார்த்தையில் செய்வது என்று தெரியாமல் இரவெல்லாம் புரண்டேன்.

கட்டடக்காரர் அனுப்பிய பையன் பெயர் பிரேடன், உன் வயதுதான் இருக்கும், கையில் நீல டேப் சுருள். எங்கே குறையோ அங்கே ஒரு துண்டு ஒட்டுங்கள் என்றான். புதுக் கம்பளம் அழுக்காகாமல் இருக்கக் காலுக்கு நீலப் பிளாஸ்டிக் உறை கொடுத்தான். அத்தை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏண்டா தம்பி, கால் கழுவிட்டு வந்தவளுக்குக் கோணிப்பை எதுக்கு என்று செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். அந்தப் பையன் வீடு முழுக்க அந்தச் செருப்பைத் தூக்கிக்கொண்டேதான் வந்தான், கீழே வைக்கலாமா என்று கேட்கப் பயம்.

முதலில் குளியலறையையும் கழிப்பறையையும் பார்த்துவிடலாம் என்று பிரேடன் சொன்னதுதான் தாமதம், உன் அப்பாவைக் காணோம். எட்டிப் பார்த்தால் தெருவில் தபால் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு அதன் மூடியைத் திறந்து மூடி ஆராய்கிறார். பிரேடன் பதறி, அவருக்கு உடம்புக்கு என்னங்க என்று கேட்டான். வீக்காதான் சொன்னாள், அக்கா இருக்கிற இடத்துல தம்பி கக்கூஸ் பேச்செல்லாம் கேட்டுட்டு நிக்கக் கூடாதுங்க, அக்கா படுக்கிற அறைக்குள்ள எட்டிக்கூடப் பாக்கக் கூடாது, அண்ணன் தங்கச்சின்னாலும் அதேதான், எங்க ஆளுங்க வழக்கம். அவன், எனக்கும் மூணு அக்கா இருக்காங்க, இது சின்ன வயசுலயே தெரியாமப் போச்சே என்றான். அன்று முழுவதும் அப்பா கண்டுபிடித்த ஒரே குறை தபால் பெட்டியில் ஒரு கீறல். அதன்மேல் நீல டேப்பை மாலைபோல் சுற்றி வைத்திருந்தார்.

நான் சும்மா இல்லை கண்ணு. துணி துவைக்கும் அறைக் கதவு தொட்டியில் இடிக்கிறது, ஒட்டினேன். குளியல் குழாயில் சூடு என்று போட்ட பக்கம் ஐஸ் தண்ணீர், குளிர் என்று போட்ட பக்கம் கோழி ரோமம் பிடுங்கலாம், ஒட்டினேன். அலமாரிக்குள் இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்று யாரோ பாதி தின்றுவிட்டுப்போய்க் காகிதத்தோடு இருந்தது, அதன்மேலும் ஒரு துண்டு ஒட்டினேன், பிரேடன் சிவந்துபோனான். அத்தை டேப்பைத் தொடவே இல்லை. அவர் பார்க்கிற விதமே வேறு. ஒவ்வொரு அறைக்குள்ளும் போய் நட்டநடுவில் புதுக் கம்பளத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நின்னுகிட்டா வீட்டுல வாழப்போறோம், படுத்துப் பாத்தாத்தான் வீடு தெரியும் என்றார். எங்கள் அறையில் படுத்து எழுந்து, காத்து வரல என்றார். வீக்கா அறையில் படுத்து எழுந்து, வெயில் அடிக்குது, பொண்ணு சீக்கிரம் எந்திரிப்பா, நல்லது என்றார். மூன்றாவது அறை வாசலில் நின்று இது யாருக்கு என்று கேட்டார். மனாசேக்கு அண்ணி, அவனுக்கேதான், அவன் சாமானெல்லாம் இப்பவே பெட்டி பெட்டியா இருக்கு என்று அவர் கேட்டு முடிக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.

ரொம்ப நேரமாயிற்று. பிரேடன் செருப்பை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று என் காதில் கேட்டான். ஒருவழியாகக் கதவு திறந்தது. அத்தை வந்தார், முகம் தேவாலயத்தில் காணிக்கை எடுத்தபின் இருப்பதுபோல் சாந்தமாக இருந்தது. இந்தச் சுவத்துக்குள்ள ஒண்ணுமே இல்லையேப்பா, அந்தப் பக்கம் பேசினது அத்தனையும் பக்கத்துல உக்காந்து சொன்னாப்ல கேக்குது என்றார். பிரேடன் தட்டிப் பார்த்தான், முரசு மாதிரி சத்தம் வந்தது. உள்ளே பஞ்சு அடைக்க வேண்டியது, அடைக்க விட்டுப்போச்சு என்று தலையைச் சொறிந்தான். அந்தப் பக்கம் இருப்பது வீக்காவின் அறை. அதில் இவ்வளவு நேரம் இருந்தது யார்? உன் தங்கை. போனும் கையுமாக. அவளைத் துணி துவைக்கும் அறைக்குள் தள்ளி, யாருட்டடி பேசினே, என்னடி பேசினே என்று கேட்டேன். சித்தி மகள் லோசாவிடம் வீட்டைப் பற்றிப் பேசினாளாம். வீட்டைப் பத்தி என்னடி என்றேன். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு சொன்னாள், அம்மா மூணு ரூம் போதும்னது சிக்கனத்துக்குன்னா நெனச்சே, அத்தைக்குப் பாய் விரிக்கக்கூட இடம் இருக்கக் கூடாதுன்னுடி, மனாசே ரூம்ல மனாசேயே இருக்கப்போறதில்லன்னு சொல்லிச் சிரிச்சேம்மா.

அவளை அங்கேயே விட்டுவிட்டு மூன்றாவது அறைக்குப் போய் நின்றேன். பிரேடன், கவலைப்படாதீங்க, பலகையைக் கழட்டிப் பஞ்சு வெச்சு மூடித் தர்றோம், அப்புறம் ஒரு பொட்டுச் சத்தம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தான். செய்யுங்க தம்பி, இன்னைக்கே செய்யுங்க என்று நான் டேப்பை எடுத்து அந்தச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒட்ட ஆரம்பித்தேன். அத்தை வந்து நான் ஒட்டியதை ஒவ்வொன்றாக உரித்துச் சின்ன உருண்டையாக உருட்டிக்கொண்டே, வேண்டாம், சுவரு அப்படியே இருக்கட்டும் என்றார். அப்புறம் வாசலுக்குப் போய், பெலெட்டி என்று கூப்பிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்தார். ஏண்டா, அண்ணனும் தங்கச்சியும் ஒரே சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுக்கிற வீட்டையா கட்டினே, நம்ம அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு என்று கேட்டார். அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது, பாவம், நின்ற இடத்தில் அரை ஆளானார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது என்று சொன்னால் நம்பு. நீ இருக்கிற ஊருக்கும் வீக்காவுக்கும் நடுவில் அத்தனை கடல் இருக்கும்போது சுவரைப் பற்றி யார் நினைத்தார்கள். உனக்குப் பூட்டு வேலை கொடுத்தேனே தவிரப் படுக்கிற வேலை கொடுக்கவில்லையே.

இடிக்கச் சொல்லட்டுமா அக்கா என்றார் அப்பா. பிரேடன் சுவரில் சாய்ந்துவிட்டான். எதுக்கு இடிக்கணும், பையனைக் கராஜுக்கு மாத்து, வயசுப் பையன் வெளிவாசல் வழியா வந்து போனா நமக்கும் தூக்கம் கெடாது, இந்த அறையில நான் இருந்துக்கறேன், இனிமே ஆக்லாந்துக்குப் போறதா இல்லை என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, சுவரு வழியா எல்லாம் கேக்குது பிசிலா, வயசான காலத்துல எனக்கும் பொழுது போகும் என்றார். உன் அப்பா அழுதுவிட்டார் மனாசே. அக்கா தன் வீட்டில் வந்து இருக்கப்போகிறார் என்ற பெருமை அவருக்குத் தாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும் நாலு ரூம் கேட்டிருந்தா பசங்களைத் தள்ளித் தள்ளிப் படுக்க வெச்சு அக்கா எப்பவும்போல விருந்தாளியா வந்துட்டுப் போயிருப்பாங்க, எல்லாம் உன் புத்திசாலித்தனம் என்றார். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன், பழகிப்போன வேலைதானே.

பிரேடனுக்கு அத்தை லூ கொண்டுவந்திருந்தார், சேம்பிலையில் ஆட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து வேகவைத்தது, புது அடுப்பு மேடைமேலேயே வைத்துத் தின்றான், இலையையும் தின்னணுமா என்று கேட்டுத் தின்றான். குறைகளையெல்லாம் அடுத்த வெள்ளிக்குள் சரி செய்து மறுநாள் சனிக்கிழமை சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறான். செருப்பை அவனே கீழே வைத்து அத்தை கால்மாட்டில் நேர்ப்படுத்தினான்.

திரும்பி வரும்போது நானும் அத்தையும் காரில் பின்னால் இருந்தோம். அப்பா முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுகிறார், வீக்கா ஜன்னலுக்கு வெளியே குதித்துவிடலாமா என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன சொல்லித் தொடங்குவது என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டே வந்தேன், ஒரு மன்னிப்பைக்கூட ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை. அத்தைதான் என் பக்கம் சாய்ந்து, தம்பிக்குக் கேட்காத குரலில் சொன்னார். நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லமாட்டேன் பிசிலா, எனக்கும் ஒரு நாத்தனார் இருந்தா, அவ வர்றான்னா நான் கட்டிலையே ஒடிச்சு அடுப்புல வெச்சுடுவேன், உன் இடத்துல நான் இருந்திருந்தா ரெண்டு ரூம் வீடுதான் கட்டியிருப்பேன். சொல்லிவிட்டுச் சீட் பெல்ட் அறுந்துபோகும்படி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய, அடக்கவே முடியவில்லை. உங்க ரெண்டு பேருக்கும் இவ்வளவு ஒத்துப்போகும்னு எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சே என்று அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்து ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள் தடியா. காதில் பட்டி கட்டாமல் ஆட்டத்துக்கு இறங்காதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே, அங்கே டோங்காப் பையன்கள் யாராவது சாப்பாடு இல்லாமல் இருந்தால் கூட்டிக்கொண்டு போய்ப் போடு. ஆண்டவர் உன் தலைக்கும் முழங்காலுக்கும் காவலாக இருப்பாராக, நீ மோதுகிறவர்களுக்கும்தான். கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் சொல், கராஜுக்குள் அப்பா இறைச்சி உறையவைக்கும் அந்தப் பெரிய ஐஸ் பெட்டியை வைக்கப் பார்க்கிறார், உன் கட்டில் முதலில் போக வேண்டும். வரும்போது அத்தைக்கு ஒரு நல்ல வாசனைத் தண்ணீர் புட்டி வாங்கி வா. எனக்கும் அதேபோல் ஒன்று வாங்கு, இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பெரியது எங்கே போகும் என்று உனக்கே தெரியும்.

வாடகை வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா பிசிலா